கசப்பக்காவும் ஈசோப்பும்

விற்கிறவள் ஒன்றை நினைத்து விற்க, வாங்குகிறவர் வேறொன்றை நினைத்து வாங்கிப் போனால், அங்கே நடந்தது வியாபாரமா, அல்லது இரண்டு பேர் தனித்தனியாகப் பேசிக்கொண்டதா? கசப்பக்காவின் வாழ்க்கை இப்படி ஒரு கேள்வியைக் கேட்டது. அவள் கேட்கவில்லை. அவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

மொட்டைமாடியில் இருபத்தாறு தொட்டிகளில் ஈசோப்பு வளர்த்தாள். முழங்கால் உயரச் செடி, ஒல்லி இலை, நீலப் பூ. இலையைக் கசக்கினால் புதினாவும் கற்பூரமும் சண்டை போடுகிற வாசனை. நிழலில் உலர்த்திப் பொட்டலம் கட்டி, சந்தைக் கட்டடத்தின் கடைசி வரிசையில் இருமலுக்கென்று விற்றாள். கொதிநீரில் போட்டு மூடிவைத்து, தேன் விட்டுக் குடிக்க வேண்டும். தேன் விட்டாலும் கசக்கும். அதனால்தான் சந்தையில் அவளுக்குக் கசப்பக்கா என்று பெயர். கர்ப்பிணி வந்தால் "உனக்கு இது ஆகாதும்மா" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். வராத கூட்டத்தில் வந்த ஒருத்தியையும் துரத்துகிறாளே என்று பக்கத்துச் செருப்புக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

ஏழு வருடம் இப்படி ஓடியது. பிறகு சந்தை மேற்பார்வையாளர் வந்தார். "மாசக் கடைசிக்குள்ள நாலு பேர் வந்து போற கடையா இருக்கணும். இல்லன்னா காலி பண்ணிடுங்க."

ஆறடிக்கு நாலடிப் பெட்டிதான் அது. ஆனால் அதற்குள் இருக்கும்போதுதான் அவள் யாருக்கும் சமைக்காத, யாருக்கும் பதில் சொல்லாத மனுஷி. வீட்டில் அவளுக்கென்று ஒரு நாற்காலிகூடக் கிடையாது.

புது லேபிள் அடித்தால் ஆள் வருமென்று நினைத்தாள். அக்கா புருஷனுக்கு அச்சகம். போனில் சொன்னாள்: "அத்தான், பெருசா ஈசோப்புன்னு போடுங்க. ஒரு படமும் போடுங்க."

அத்தான் காதில் விழுந்ததை அப்படியே அடித்தார். நடுவில் தாராளமாக இடம்விட்டு, "ஈ சோப்பு". கீழே ஓர் ஈ மல்லாந்து கிடந்தது, ஆறு காலும் வானத்தைப் பார்த்தபடி.

"என்ன அத்தான் இது?"

"நீதானே படம் கேட்ட? உயிரோட இருக்கிற ஈயைப் போட்டா எவன் வாங்குவான்?"

"அது செடியோட பேரு அத்தான்! ஒரே வார்த்தை!"

"அப்ப சேர்த்துச் சொல்லித் தொலைச்சிருக்கணும். இழுத்து இழுத்துச் சொன்னா?"

வேறு வழியில்லாமல் அதையே ஒட்டினாள். மறுநாள் இறைச்சிக்கடைக்காரர் இரண்டு பொட்டலம் வாங்கிப்போய்க் கொதிக்கவைத்து, வெட்டுமேடையைத் துடைத்தார். "ஈ குறைஞ்ச மாதிரி இருக்கு" என்றார். அந்த "மாதிரி"யைச் சந்தை காதில் வாங்கவேயில்லை. மூன்றாம் நாள் கடைமுன் வரிசை நின்றது.

முதலில் "இது இருமலுக்குங்க" என்றுதான் சொன்னாள். யாரும் கேட்கவில்லை. பிறகு பொய் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. "ரெண்டு நாள் பொறுங்க. குடும்பத்தோட மூட்டை கட்டிடும்" என்பாள். அழகுக்கு ஒரு பூத்த தொட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். தேனீ மொய்த்தது.

"என்னக்கா, ஈ விரட்டுற கடையில இவ்வளவு ஈ?"

"அது தேனீ. மரியாதைப்பட்டது. அதை விரட்டாது."

அதற்கும் இரண்டு பொட்டலம் போயிற்று.

"ஏழு வருஷம் உண்மையைச் சொன்ன, ஒரு ஈ எட்டிப் பார்க்கல" என்றார் செருப்புக்கடைக்காரர். "இப்பப் பாரு தங்கச்சி!"

மாதக் கடைசியில் மேற்பார்வையாளர் கடையைப் புதுப்பிக்கும் படிவத்தோடு வந்தார். வரிசையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பொருளின் பயன் என்ற கட்டத்தைத் தவிர மற்றதை அவரே நிரப்பியிருந்தார்.

"ஈ விரட்டன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நகலைக் கடை முகப்புல ஒட்டிடுவோம். மூணு வருஷத்துக்கு உங்களை அசைக்க ஆளில்ல."

அவள் பேனாவை வாங்கினாள். நிதானமாக எழுதினாள்: "இருமலுக்கு. ஈ போகாது."

அவர் இரண்டு முறை படித்தார். "இதை ஒட்டினா நாளைக்கு ஒருத்தரும் வரமாட்டாங்கம்மா. கூட்டம் இல்லன்னா கடை இல்ல. தெரியுமில்ல?"

"தெரியும்" என்று கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த வாரம் கடை கைமாறியது. தொட்டியைத் தூக்க வந்த அத்தான், "நேர்மைன்னா இதுதான்" என்று ஆரம்பித்தார்.

"சும்மா இருங்க அத்தான். மூணு வாரம் வாய் கூசாமப் புளுகினவ நான்."

"பின்ன ஏன் அப்படி எழுதின?"

"அந்தப் பக்கம் பிடிங்க, மண்ணு கொட்டுது" என்றாள்.