லைன்ஸ்மேன் ஏனோக் சொன்ன ‘ஹவ்’

சிகந்தராபாத் ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்த ஏனோக்குக்கு ஒரே ஆசைதான்: ஒரு சர்வதேச இறுதியாட்டத்தில் கோட்டோரமாகக் கொடி பிடித்து ஓடவேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டு அணிகள் ஹைதராபாத்துக்கு வந்து ஒரு கால்பந்துக் கோப்பைக்காக ஆடியபோது, அரையிறுதிக்கு அவரை லைன்ஸ்மேனாகப் போட்டார்கள். பிசகில்லாமல் செய்தால் இறுதியாட்டமும் உண்டு என்றார் போட்டிக் குழுச் செயலாளர் அனந்தராமன். செயலாளர் பந்தைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. அந்தப் பதவிக்கு அது தேவைப்படவுமில்லை.

அரையிறுதியில் உள்ளூர் அணி அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டு, கோட்டுக்குள் விழுந்து, வெளியே துள்ளியது. ஹங்கேரி நடுவர் ஓடிவந்து, “கோல்?” என்று கேட்டார்.

ஏனோக் தெளிவாகப் பார்த்திருந்தார். “ஹவ்!” என்றார். பணிமனையில் புழங்கிய ஹைதராபாத் உருதுவில் ஆமாம் என்பதற்கு அதுதான் சொல். கூடவே நம் வழக்கப்படி தலையை இருபக்கமும் ஆட்டினார்.

நடுவர் காதில் அது ‘எப்படி?’ என்னும் ஆங்கிலமாக விழுந்தது. தலையும் இல்லை என்றது. கோல் இல்லை என்று அவர் கையை விரித்தார். “சார், ஹவ்! ஹவ்!” என்று ஏனோக் கத்தக் கத்த, நடுவரின் உறுதி கூடியது. உள்ளூர் அணி ஒரு கோலில் தோற்றது.

“என்னவே, வெள்ளக்காரன் ஒம்ம மாப்பிள்ளையாக்குதேன்னானா?” என்றார் ரயில்வே காலனி வாசலில் ஊர்க்காரர் தேவசகாயம்.

“நான் கோல்னுதானவே சொன்னேன்!”

“எந்தப் பாஷையில?”

மறுநாள் அனந்தராமன் அவரைக் கட்டிக்கொண்டார். “சொந்த ஊர் டீமுக்கே எதிரா நின்னீங்களே! ஃபைனலுக்கு நடுவர் உங்களைத்தான் கேக்கறார்.”

“சார், அது கோல்.”

செயலாளர் கதவைச் சாத்தினார். “உங்க நேர்மை பேப்பர்ல வந்தாச்சு. இப்பக் கோல்னா நடுவர் தப்பு, கமிட்டி தப்பு, பேப்பர் தப்பு. ஃபைனல் வேணுமா, வேண்டாமா?”

நேர்மை என்பது நாம் சொல்வதா, நம்மைப் பற்றிச் சொல்லப்படுவதா என்று என் பட்டப்படிப்பில் சொல்லித்தரவில்லை. ஏனோக்குக்கோ யோசிக்க நேரம் தரவில்லை.

“வேணும் சார்,” என்றார்.

இறுதியாட்டத்தில் இரண்டும் வெளியூர் அணிகள். ஏனோக் தூக்கிய கொடி ஒன்றுகூடத் தப்பில்லை. ஒவ்வொன்றுக்கும் காலனி மொத்தமும் எழுந்து நின்று ஊளையிட்டது. முடிவில் நேர்மைக்கென்று ஒரு வெள்ளித்தட்டு கொடுத்தார்கள்.

வீட்டில் அவர் மனைவி செலின் அதை வரவேற்பறை அலமாரியில் வைக்கப்போனாள்.

“உள்ள வையி. ஞாயித்துக்கெழம போதகர் ஐயா வருவாரு.”

“வந்தா பாத்துட்டுப் போறாரு. பெருமதான?”

“கேலரியில மொத வரிசையில இருந்தாரு, செலின். எல்லாரையும்விட அவரு ஊளதான் பெருசு.”