ஈயச் சொம்பில் கொதித்த கம்பிகள்

போன ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட கூச்சலில் எதிர் வீட்டு மராட்டிக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கல்லூரியில் படிக்கிற என் மகள் ஜானகி, கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு பாண்ட் வைத்திருக்கிறாள். அதில் பேஸ் கிடார் வாசிக்கிறாள். இந்தப் பித்து அவளுக்கு எந்த வழியாக வந்தது என்பது போகப் போக உங்களுக்கே தெரியும். கிடாரிலிருந்து கழற்றிய நாலு பழைய கம்பிகளைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். "பழைய ஸ்ட்ரிங்கைத் தண்ணில கொதிக்க வெச்சா புதுசாட்டம் ஆயிடுமாம்ப்பா, வீடியோல பாத்தேன்," என்றாள். நானும் சரி சரி என்று பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். "இந்தச் சொம்பு ஏக்தம் கரெக்ட் சைஸ்," என்று குரல் வந்ததும் நிமிர்ந்து பார்த்தால், அவள் கையில் ஈயச் சொம்பு.

"அதைத் தொடாதே!"

"அப்பா, சில்! க்யா ஹுவா?" என்று அவள் பயந்துபோனாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த அண்ணா, "என்னடா ஆச்சு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லே அண்ணா," என்றேன். அவரிடம் இந்தப் பதிலை முப்பது வருஷத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜானகியின் பழைய கம்பிகளை வாங்கி மூக்கருகே கொண்டுபோனேன். வியர்வையும் துருவும் கலந்த வாடை. உங்களுக்கு அது நாற்றமாக இருக்கலாம். எனக்கு அந்த வாடையோடு தோலும் பசையும் சேர்ந்த இன்னொரு வாடை தானாக வந்துவிடும். தாராவியில் செல்லத்துரை என்பவரின் பை தைக்கிற பட்டறை வாடை அது. என் முதல் பேஸ் கிடார் அங்கேதான், தைத்து முடிக்காத பைகளுக்கு நடுவில் ஒளிந்து வாழ்ந்தது.

ஒளிந்து வாழ்ந்தது என்று சும்மா சொல்லவில்லை. எனக்கும் அண்ணாவுக்கும் நடுவில் நாலு அக்காக்கள். அப்பா போன பிறகு பாலக்காட்டிலிருந்து என்னைப் பம்பாய் மாட்டுங்காவுக்கு அழைத்துவந்து, கோட்டைப் பக்கம் ஓர் ஆபீசில் குமாஸ்தா வேலையும் வாங்கிக் கொடுத்தவர் அண்ணா. வாத்தியம் வாசிக்கிறேன் என்று வேலையை விட்டுவிட்டு நடுத்தெருவுக்கு வந்த ஒரு சித்தப்பா பையன் எங்கள் குடும்பத்தில் உண்டு. அதனால் அண்ணா முதல் நாளே சொல்லிவிட்டார்: "பாட்டு கேளு, வேண்டாங்கலை. பாட்டுக்காராளோட சுத்தறதுன்னா பெட்டியைக் கட்டிண்டு ஊருக்குப் போயிடு." அண்ணா ஒன்று சொன்னால் சொன்னதுதான். நான் என்ன செய்தேன்? ஆபீஸ் பரீட்சைக்குக் கோச்சிங் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஞாயிறுதோறும் மாட்டுங்கா லேபர் கேம்புக்குப் போனேன். அங்கே செல்லத்துரையின் ஆர்கெஸ்ட்ரா ஒத்திகை. டிரம்ஸும் அவர்தான், தலைவரும் அவர்தான். திருநெல்வேலிக்காரர், என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர்.

பேஸ் கிடாருக்குக் கம்பிதான் உயிர். மரம் சுமாராக இருந்தால்கூடச் சமாளிக்கலாம், கம்பி செத்துப்போனால் ஒன்றும் செய்ய முடியாது. நல்ல கம்பியைத் தட்டினால் சத்தம் எழுந்து நின்று, நிதானமாக அடங்கும். செத்த கம்பி 'டொப்' என்று விழும், அவ்வளவுதான். பம்பாய் வியர்வையில் உள்ளூர்க் கம்பி மூன்றே வாரத்தில் செத்துவிடும். தாதரில் ஒரு கடையில் வெளிநாட்டுக் கம்பி எப்போதாவது வரும். கடைக்கார அம்மாள் ஒரு மராட்டிக்காரி. நான் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கக் கை நீட்டினாலே, "ஹாத் நை லகானே கா!" என்பாள், கை வைக்கக் கூடாதாம். கண்ணாடிக்கு வெளியே நின்றபடி எது அதிகம் பளபளக்கிறதோ அதைக் காட்டி வாங்கி வருவேன். ஒவ்வொரு முறையும் ஏமாந்தேன். பளபளப்பைப் பார்த்துக் கம்பி வாங்குகிற ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.

செம்பூரில் ஒரு கல்யாண ரிசப்ஷன் கச்சேரி வந்தது. அதற்கு முந்தின வாரம் ஒத்திகையில் செல்லத்துரை குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னவே, வாசிக்கீரா, சும்மா தடவிக்கிட்டு இருக்கீரா? ஒம்ம சத்தம் ஒண்ணுமே என் காதுக்கு வரலியே."

"கம்பி போயிடுத்து, செல்லத்துரை."

"அப்பம் வெந்நியில போட்டு நல்லா கொதிக்க விடும். அழுக்கெல்லாம் கழண்டுரும். வார ஞாயித்துக்கெழமயும் இப்பிடித்தான்னா நான் வேற ஆளு பாத்துருவேன், பாத்துக்கிடும்."

கம்பிகளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். வீட்டில் யாரும் இல்லை. அண்ணா வேலையில், அவர் மனைவி, என் மன்னி, மார்க்கெட்டில். எந்தப் பாத்திரத்தில் போடுவது என்று தேடினேன். குக்கரில் பருப்பு இருந்தது. பால் பாத்திரத்தைத் தொட்டால் வம்பு. மேடையில் மன்னி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த ஈயச் சொம்பு உட்கார்ந்திருந்தது. சுருட்டிய கம்பி அதற்குள் அளவெடுத்ததுபோல் இறங்கியது. எங்கள் வீடுகளில் ரசம் அதில்தான் கொதிக்கும். அந்த ரசத்தைப் பிறந்ததிலிருந்து குடித்து வளர்ந்தவன் நான். ஆனால் உள்ளே நீர் வற்றினால் ஈயம் உருகிவிடும் என்பது தெரியாது. சமையலறைப் பக்கம் போகாமல் வளர்ந்த எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகளில் யாருக்கும் தெரிந்திருக்காது.

பக்கத்து வீட்டில் எனக்குப் போன் வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். செல்லத்துரைதான். மறுநாள் எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று தொடங்கினார். நானும் சளைக்காமல் வாதாடினேன். பேசிவிட்டுத் திரும்பி வந்தால் அடுப்பில் சொம்பு இல்லை. பாதிச் சொம்புதான் சாய்ந்து நின்றது. மீதி வெள்ளையாக வழிந்து பர்னரைச் சுற்றி உறைந்திருந்தது. என் கம்பிகள் அதில் மாட்டிக்கொண்டு விறைத்துப்போயிருந்தன. அடுப்பை அணைத்தேன். பெட்டி கட்டிக்கொண்டு பாலக்காடு போகும் ரயிலுக்கு எத்தனை மணி என்று யோசித்தேன்.

மன்னி வந்தாள். பையை இறக்கி வைத்தாள். அடுப்பைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"கம்பியையா ரசம் வெச்சே?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். லேபர் கேம்ப், செல்லத்துரை, ஒளித்து வைத்த கிடார், நாளைக்குச் செம்பூர். கேட்டுவிட்டு மன்னி சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கோச்சிங் போறவனுக்கு விரல் நுனில காய்ப்பு எப்படிடா வரும்? எனக்கு எப்பவோ தெரியும்." அவளுக்கு அழுகை வந்தது. அவள் அம்மா கொடுத்த சொம்பு அது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உறைந்த ஈயத்தைக் கத்தியால் நெம்பி எடுத்துப் பேப்பரில் பொதிந்தாள். "கிளம்பு," என்றாள்.

பழைய பாத்திரம் எடுக்கிற மாட்டுங்காக் கடையில் அந்த ஈயத்தைப் போட்டுக் காசு வாங்கினாள். அதே கடையில் வரிசையாகப் புதுச் சொம்புகள் இருந்தன.

"மன்னி, ஒண்ணு வாங்கிடுங்கோ."

"சொம்பு எங்கேயும் ஓடிப்போயிடாது. உன் ஞாயித்துக்கிழமைதான் போயிடும்."

அங்கிருந்து தாதர். என்னை எட்டி நிற்கச் சொன்ன அதே கடைக்கார அம்மாள், மன்னியைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். மன்னிக்குக் கம்பியைப் பற்றி ஒன்றுமே தெரியாது. ஆனால் சாமான் பொறுக்கத் தெரியும். "எப்படி இருக்கணும், அதை மட்டும் சொல்லு," என்றாள். சுற்று இறுக்கமாக இருக்க வேண்டும், ஆடும்போது நேராக ஆட வேண்டும் என்று கேள்விப்பட்டதைச் சொன்னேன். பட்டுப்புடவைச் சரிகையை நெருடிப் பார்க்கிற மாதிரி, கம்பி நெடுக நகத்தை ஓட்டினாள். ஓரிடத்தில் நின்றது. "இங்கே இளகறது. ஏ அச்சா நஹி, தூஸ்ரா திகாவ்," என்று வேறொன்றைக் காட்டச் சொன்னாள். அடுத்ததைக் காதருகே பிடித்துக் குலுக்கினாள். "உள்ளே என்னமோ கிலுகிலுங்கறது." அதுவும் போயிற்று. ஒரு முனையை என் கையில் கொடுத்து, மறுமுனையை இழுத்துப் பிடித்துச் சுண்டினாள். இரண்டு கோடாகத் தெளிவாகத் தெரிந்ததை எடுத்து வைத்தாள், குழம்பித் தெரிந்ததைத் தள்ளினாள். நல்லவேளை, வெண்டைக்காய் மாதிரி முனையை ஒடித்துப் பார்க்கவில்லை. கடைசியில் கடைக்காரி தானாகவே மேஜையின் கீழறையைத் திறந்து, வேறு யாருக்கோ எடுத்து வைத்திருந்த ஒரு பாக்கெட்டை நீட்டினாள். பளபளப்பே இல்லாத, மங்கலான கம்பி. மன்னி நகத்தை ஓட்டினாள். எங்கும் நிற்கவில்லை. "இதுதான்," என்றாள்.

மறுநாள் செம்பூரில் யாரோ தூரத்துச் சொந்தத்தைப் பார்க்கப் போவதாக அண்ணாவிடம் சொல்லிவிட்டு மன்னியும் வந்தாள். மேடை ஏறுமுன் என்னிடம் கேட்டாள்: "இத்தனை சத்தத்துல உன் சத்தம் எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"வாசிக்கறப்போ தெரியாது மன்னி. நிறுத்தினாத் தெரியும்."

மூன்றாவது பாட்டில் நாலு தட்டு நிறுத்தினேன். பாட்டே திடீரென்று தரையை விட்டுக் கிளம்பி அந்தரத்தில் தொங்கியது. செல்லத்துரை குச்சியை ஓங்கிக்கொண்டு என்னை முறைத்தார். கூட்டத்தில் மன்னி மட்டும் பலமாகத் தலையாட்டினாள். திரும்பவும் சேர்ந்துகொண்டேன். அந்தக் கம்பியின் சத்தம் என் காலடிப் பலகை வழியாக ஏறி வயிற்றுக்கு வந்தது. அன்றைக்கு இருந்த சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட இல்லை. (என் மனைவிக்கு இது தெரியும்.)

"பெருங்காயமாட்டம் இருக்குடா உன் வாத்தியம்," என்றாள் மன்னி, வரும்போது பஸ்ஸில். செல்லத்துரை மட்டும் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு, "சத்தம் இப்பம் சரியா இருக்குவே," என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு ரசம் எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாறியது. புதுச் சொம்பு வாங்கினால் பழசு எங்கே என்ற பேச்சு வரும், பேச்சு வந்தால் எல்லாம் வெளியே வரும் என்று மன்னி வாங்கவே இல்லை. சமையலறைக்குள் நுழையாத அண்ணாவுக்குப் பாத்திரம் மாறியது தெரியாது. நாக்குக்குத் தெரிந்தது. முதல் வாரமே மன்னியிடம், "என்ன சரஸு, ரசம் என்னமோ மாதிரி இருக்கே?" என்றார். பிறகு, "உன் கைமணம் போயிடுத்து," என்று ஆரம்பித்தார். விருந்தாளி வந்தால் அவர்களிடமும் சிரித்துக்கொண்டே சொல்வார். மன்னியும் சிரிப்பாள், என்னைப் பார்க்க மாட்டாள். நான் சாதத்தைப் பிசைந்துகொண்டிருப்பேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடுமே என்று பயம். அப்புறம், இத்தனை நாள் சொல்லவில்லையே என்று பயம்.

இப்போது அந்தத் தாதர் கடை இருந்த இடத்தில் மொபைல் உறை விற்கிறார்கள். செல்லத்துரை பாண்டுப்பில் மகன் வீட்டில் இருக்கிறார், போனில் நான் கத்தினால்தான் கேட்கிறது. பேஸ் வாசிக்க ஆள் வைக்கிற ஆர்கெஸ்ட்ரா லேபர் கேம்பில் இல்லை, எல்லாம் கீபோர்டில் பதிந்தே வருகிறது. என் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு ஈயச் சொம்பு வாங்கி மன்னியிடம் கொடுத்தேன். "எனக்கு எதுக்குடா இனிமே," என்று என் மனைவியிடமே தந்துவிட்டாள். ஜானகி எடுத்தது அதைத்தான். மன்னி போய் மூன்று வருஷம் ஆகிறது. அதன் பிறகு அண்ணா எங்களோடு இருக்கிறார்.

கம்பி கொதிக்கவில்லை. புதிதாக வாங்கிக்கொள்ளலாம், ஆனால் நகத்தை ஓட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று ஜானகியிடம் சொல்லிவிட்டேன். அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அந்தச் சொம்பில் என் மனைவி வைத்த ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு அண்ணா சொன்னார்: "சரஸுவும் முதல்ல இப்படித்தான் வெச்சிண்டிருந்தா. அப்பறம் பாவம், கைமணம் போயிடுத்து."

அன்று என்னால் சாதத்தைப் பிசைய முடியவில்லை. சொல்லிவிட்டேன். கம்பி, சொம்பு, தாதர், செம்பூர், ஒன்று விடாமல் சொன்னேன். ஜானகி வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணாவின் கோபத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

"அப்போ அவ கைமணம் போகவே இல்லையாடா?"

"போகலை அண்ணா."

"அவ போற வரைக்கும் சொல்லிண்டே இருந்தேனேடா," என்றார்.