மீன்முள்ளுத் தூளில் ஒரு பிடி

வயலுக்குப் போடும் பசளையைச் சோதிக்கும் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. பசளையில் பொசுபரசு எவ்வளவு என்று பார்ப்பேன். சோதனை மருந்து விட்டதும் கரைசல் எவ்வளவு மஞ்சளாகிறதோ அவ்வளவு பொசுபரசு. தண்ணீருக்கு நிறம் பார்க்கிற வேலை என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

என் கலியாணம் மாதா கோயிலில் என்றதும் இலுப்பைக்கடவையில் நெல் செய்யும் அப்பா வரவில்லை. அன்றிலிருந்து அவருக்கும் ஓலைத்தொடுவாயில் இருக்கும் என் மாமாவுக்கும், அதாவது என் கணவரின் அப்பாவுக்கும், பேச்சில்லை. மாமாதான் முதலில் இறங்கி வந்தார். மீன்முள்ளை இடித்துத் தூளாக்கி, வயலுக்குப் போடச் சொல்லி என் கணவரிடம் ஒரு மூட்டை கொடுத்தனுப்பினார். மகள் சோதிக்கட்டும், சரக்கிருந்தால் நானே வந்து சொல்லுகிறேன் என்றார் அப்பா. அதில் கொஞ்சத்தைப் பையில் கட்டி என்னிடம் தந்தார். எப்படியாவது அவர் வந்துவிட வேண்டும் என்று நான் ஏங்கினேன்.

முதலில் தூளைத் தண்ணீரில் குலுக்கி வடித்தேன். வடித்த நீர் பளிச்சென்று மஞ்சளானது. மீன்முள் தண்ணீரில் கரையாது. அமிலத்தில் கொதித்தால்தான் கரையும். யாரோ கடைப் பசளை கலந்திருக்கிறார்கள். யாரோ என்ன, மாமாதான்! அன்றே மாமாவுக்குச் சோறு போட்டுக்கொண்டு நைசாகக் கேட்டேன்.

மாமா கை கழுவிவிட்டு எழுந்தார். "மாதாவறிய நான் ஒண்டும் கலக்கேல்லை, பிள்ளை."

மாமா இடித்ததில் எங்கள் வீட்டில் மிச்சமிருந்த தூளை எடுத்துப்போய்ச் சோதித்தேன். தண்ணீரில் நிறமே இல்லை. அமிலத்தில் கொதிக்க வைத்தபின் நல்ல மஞ்சள். சரக்கு தாராளமாக இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அப்படியென்றால் பையைக் கட்டியவர்?

வயலுக்கே போய்க் கேட்டேன். அப்பா வரம்பைப் பார்த்தபடி ஒப்புக்கொண்டார். "கடைப் பசளை ஒரு பிடிதான் போட்டனான். அதில ஒண்டும் இல்லையெண்டு வந்திருந்தா, நான் எந்தச் சாட்டோட அங்க வாறது?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பிடியே தேவையில்லை அப்பா, முள்ளிலேயே இருக்கிறது என்றேன்.

மாமாவிடம், முதல் தடவை குடுவையைச் சரியாகக் கழுவவில்லை, பிழை என்னுடையது என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். இப்போது மாதம் ஒருமுறையாவது வருகிறார். என் மருமகளுக்குக் குடுவை கழுவத் தெரியாது என்று வருகிறவர்களிடமெல்லாம் மாமா சொல்கிறார். அப்பா பக்கத்துக் கதிரையில் இருந்து, ஓம் ஓம் என்று தலையாட்டுகிறார்.