இடப்பக்கம் இழுக்கும் வண்டியில் ஆரம்பாக்கம் வரை

ஞாயிறு, காலை 5.40. திருவள்ளூர் தேரடியில் மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டுப் புறப்பட்டேன். போக வேண்டிய இடம் ஆரம்பாக்கம், என் மனைவி சரளாவின் அக்கா வீடு. சரளா முந்தின நாளே பஸ்ஸில் போய்விட்டாள். என்னோடு வண்டியில் வரலாமே என்று கேட்டதற்கு, "உசுரு மேல ஆசை இருக்குதுங்க எனக்கு" என்றாள்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் நிறம், இரண்டே இருக்கை, தரைக்கும் அதன் வயிற்றுக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். இருபது வருஷம் ஆசைப்பட்டு, ஐம்பது வயதில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினேன். ஐந்து மாதத்துக்கு முன்பு பெரிய பிரேக் டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கப் புது பேட், விறைப்பான ஷாக் அப்சார்பர், அகலமான டயர் என்று எல்லாவற்றையும் மாற்றினேன். வளைவுகளில் சும்மா ஒட்டிக்கொண்டு போயிற்று. "இனிமே எவ்வளவு வேகமா போனாலும் பயமில்லை" என்று சரளாவிடம் பீற்றிக்கொண்டேன். ஒரு மாதம்தான். அதன்பிறகு பிரேக்கை மிதித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்க ஆரம்பித்தது.

இடப்பக்கத்து பேட்டை மாற்றினேன். இடப்பக்கத்துக் குழாயை, பிடிப்பானை, பேரிங்கை மாற்றினேன். சென்னையில் மூன்று மெக்கானிக்குகள் இடப்பக்கத்தைக் கழற்றி மாட்டினார்கள். இழுப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. கடைசியில் பூண்டி வளைவில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தபோது மிதித்தேன். சரளா உட்கார்ந்திருந்த பக்கம் மதகுச் சுவருக்கு அரை அடியில் போய் நின்றது. அன்றிலிருந்து அவள் ஏறவில்லை.

போன வாரம் எங்களுக்குள் ஒரு முடிவு. ஞாயிற்றுக்கிழமைக்குள் வண்டி நேராக நின்றால் அவள் ஆரம்பாக்கத்திலிருந்து என்னோடு அதிலேயே திரும்புவாள். நிற்காவிட்டால் திங்கட்கிழமை நெல்லூர்க்காரர் ஒருவர் வந்து வண்டியை விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு போவார். அவரிடம் பேசியாயிற்று. விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. ஒரு இரும்புச் சாமான் என்னை ஏமாற்றுவதா என்ற வீம்பும் இருந்தது.

6.15. பூண்டி, பன்னிரண்டு கிலோமீட்டர். ஏரியில் தண்ணீர் கரை தொட்டுக் கிடந்தது. அதே வளைவுக்கு முன்னால், ஆளில்லாத நேரம் பார்த்து நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். ஸ்டியரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு இடப்பக்கம் போயிற்று. அதற்குமேல் சோதனை எதுவும் செய்யாமல், முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துக் குறைத்து ஓட்டினேன்.

7.00. ஊத்துக்கோட்டை, முப்பது கிலோமீட்டர். பஸ் நிலையத்தருகே ஷேர் ஆட்டோக்காரர்கள் கிராமங்களின் பெயரைக் கூவிக்கொண்டிருந்தார்கள். நாலு இட்லி நாற்பது ரூபாய், சட்னி இரண்டு வகை. அங்கிருந்து எல்லையைத் தாண்டினால் ஆந்திரா.

7.50. சத்தியவேடு. டீ பதினைந்து ரூபாய். பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"இன்னா நைனா, இது ஓடுமா, பறக்குமா?"

"ரெண்டும் செய்யும். நிக்கத்தான் மாட்டேங்குது."

"நிக்காத வண்டிக்கு எதுக்கு இம்மாம் பெரிய டயரு? பேஜாரு புடிச்ச ஆளா கீறியே!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

8.50. கவரைப்பேட்டை, அறுபத்து மூன்று கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் ஏறி வடக்கே ஏழு கிலோமீட்டர் போனால் கும்மிடிப்பூண்டி. சிப்காட் தொழிற்பேட்டைக்குள் ஞாயிற்றுக்கிழமை சாலைகள் காலியாக இருந்தன. ஒரு சுவரோரம், லாரிகளுக்கு பிரேக் வேலை பார்க்கும் தகரக் கொட்டகையில் ஸ்டெல்லா காத்திருந்தார்.

ஸ்டெல்லாவுக்கு நாற்பதுக்குள் வயது. வாரநாட்களில் பிரேக் லைனிங் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சோதனைப் பிரிவில் வேலை. கொட்டகை அவர் கணவருடையது. அன்று கணவர் லோடு விஷயமாக வெளியே போயிருந்தார். கலெக்டர் ஆபீசுக்கு வந்த இடத்தில் கண்ணாடி உடைந்து என் கடைக்கு வந்தவர் ஸ்டெல்லா. அப்போது நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "ஞாயித்துக்கெழம காலைல சர்ச்சுல பூசை முடிஞ்சிட்டா நான் ஃப்ரீதான், வண்டிய இட்டாங்க" என்று சொல்லியிருந்தார்.

"எந்தப் பக்கம் சார் இழுக்குது?"

"இடப்பக்கம். அந்தப் பக்கத்துல மாத்தாத சாமானே இல்லைம்மா."

"இழுக்கிற பக்கத்த ஏன் சார் திட்டிக்கினு கீறீங்க? அது ஒழுங்கா வேலை செய்யுது. சும்மா குந்திக்கினு கீறது எதிர்ப்பக்கம்."

வலப்பக்கத்துச் சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தேன். நாலு மாதமாக, உழைத்துக்கொண்டிருந்த சக்கரத்தைப் போட்டு வதைத்திருக்கிறேன். சென்னையின் மூன்று மெக்கானிக்குகளும் எனக்குத் துணை.

9.30. வலது முன்சக்கரத்தைக் கழற்றினார். பேட்டை உருவி முகத்தருகே கொண்டுபோய் மோந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விளிம்பை நகத்தால் சுரண்டினார். ஆரஞ்சு நிறத்தில் பிசுபிசுவென்று ஏதோ வந்தது.

"துருவா?" என்றேன்.

"துரு எண்ணெ வாசன வீசுமா சார்? பேட்டு முழுக்க குடிச்சிகினு கீது. எண்ணெ குடிச்ச பேட்டு வழுக்கும், புடிக்காது." விரலை என்னிடம் நீட்டினார். "எங்க தெருக்கோடில ஆஞ்சநேயர் கோயிலு. அங்க குடுக்கிற செந்தூரம் இது. எண்ணெய்ல கொழச்சது. பிரேக்குக்கு பொட்டு வெச்சது யாரு சார்?"

யார் என்று எனக்குத் தெரியாதா. வெள்ளிக்கிழமை தவறாமல் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போகிறவர் எங்கள் வீட்டில் ஒருவர்தான். என் வண்டியின் சக்கரம் அகல இடைவெளி விட்டுக் கம்பி வைத்தது. விரலை விட்டால் உள்ளே டிஸ்க் பளபளவென்று கைக்கு எட்டும். காதெல்லாம் சூடாகிவிட்டது. கோபம்தான். எத்தனை அலைச்சல்!

டிக்கியில் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஜோடி புது பேட் வைத்திருந்தேன். டிஸ்க்கை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, இரண்டு பக்கமும் புதிதாகவே மாட்டினார் ஸ்டெல்லா. கூலி முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். பழைய பேட்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, "வூட்ல சண்ட போடாதீங்க சார்" என்றார். காலிச் சாலையில் பத்துப் பன்னிரண்டு தரம் மெதுவாக மிதித்துப் பழக்கினேன். பிறகு அறுபதில் ஓங்கி மிதித்தேன். வண்டி மூக்கைத் தாழ்த்தி, போட்ட கோட்டில் நின்றது.

11.20. ஆரம்பாக்கம். வயல் ஓரமாக அக்கா வீடு. சரளா வாசலில் நின்றிருந்தாள். "நாஷ்டா துன்னீங்களா?" என்றாள். காகிதத்தைப் பிரித்துக் காட்டினேன். அவளுக்கு முகம் சின்னதாகிவிட்டது.

"வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வெச்சேன். பயமில்ல, வேகமா போவேன்னு சொன்னீங்க இல்ல, அதான். அப்புறம் இழுக்குதுன்னீங்க. செரின்னு இன்னும் கொஞ்சம் சேத்து வெச்சேன்."

பாவி, மருந்தை வேறு கூட்டியிருக்கிறாள்! கத்துவதற்கு வாயைத் திறந்தேன். வந்தது வேறு கேள்வி.

"ஏன் வலப்பக்கம் மட்டும் வெச்சே?"

"நீங்க அந்தப் பக்கம்தானே குந்துறீங்க" என்றாள்.

வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. என் பக்கத்துக்குக் காவல் வைத்துவிட்டு, எதுவும் வைக்காத பக்கத்தில் இவள் வந்து உட்கார்ந்திருக்கிறாள். அந்த மதகுச் சுவர் வரைக்கும் அப்படித்தான் வந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஏறு" என்றேன். "பேச்சு பேச்சுதான்."

12.05. வயல்களுக்கு நடுவே நேரான சாலை, முன்னும் பின்னும் யாருமில்லை. சரளா கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஐம்பதில் மிதித்தேன். நேராக நின்றது. ஒரு கண்ணை மட்டும் திறந்து தன் பக்கத்து வரப்பைப் பார்த்தாள்.

"இன்னொரு வாட்டி" என்றாள்.

நின்றது.

"இன்னொரு வாட்டி." இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

வாசலிலிருந்து ஆறு மணி நேரம் தள்ளி வந்து, என் வீட்டில் நடந்ததைத் தெரிந்துகொண்டிருக்கிறேன். பயணம் போவதில் இப்படியும் ஒரு லாபம். நெடுஞ்சாலையில் ஏறும் முன், நெல்லூர்க்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்றேன். நீங்கள் ஓட்டுங்கள் என்று சரளாவே என் போனை எடுத்தாள்.

"வண்டி குடுக்கிறதுக்கு இல்லீங்க" என்றாள் அவரிடம். "நாங்க அதுலதான் ஊட்டுக்குப் போய்க்கினு இருக்கோம்."