கறுத்தக்கொழும்பானுக்கு நான் ஊற்றிய தண்ணீர்

சிவப்பு மையின் மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது...

யாழ்ப்பாணத்துக் கொன்வென்ட்டில் விஞ்ஞான பாடம். காசித்தும்பைச் செடி ஒன்றை வேரோடு பிடுங்கிக் கழுவி, சிவப்பு மை கலந்த தண்ணீரில் நிறுத்தினோம். அடுத்த நாள் தண்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே சிவப்புப் புள்ளிகள். "அதுதான் காழ், பிள்ளைகள். வேர் எடுக்கிற தண்ணியும் உப்பும் இதாலைதான் மேலை போகுது," என்று சிஸ்டர் சொன்னா. அதைப் பார்த்துக் கீறிய படங்களில் வகுப்பிலேயே வடிவானது என்னுடையது. கோடு ஒன்றுகூட நடுங்கவில்லை.

அந்தப் படத்தை நம்பித்தான் ஒரு மாங்கன்றைக் கொல்லப் பார்த்தேன்.

கலியாணம் முடிந்து வன்னிக்கு வரும்போது அப்பா ஒரு கறுத்தக்கொழும்பான் மாவின் ஒட்டுக்கன்று தந்துவிட்டார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இவருடைய காணி, இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல்களுக்குப் பக்கத்தில். குசினிக்குப் பின்னால், சமைக்கும்போது என் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து நட்டேன். மூன்று வருசத்தில் காய்க்கும் என்று எல்லோருக்கும் சொல்லியும் விட்டேன்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் அப்பா காலையில் இரண்டு வாளி, பின்னேரம் இரண்டு வாளி ஊற்றுவார். செம்பாட்டு மண்... ஊற்றிய சத்தம் அடங்குமுன் குடித்துவிடும். நானும் அதே அளவில் ஊற்றினேன்.

ஒரு மாதத்தில் இலைகள் தொங்கின. தண்ணீர் போதவில்லை என்று முடிவு கட்டி மூன்று வாளியாக்கினேன். பிறகு நான்கு.

பக்கத்து வளவில் இவருடைய தங்கை இருந்தா. எனக்கு மச்சாள். என் வயதுதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வயலுக்குப் போனவா. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டா:

"மச்சாள், மரத்துக்கு நீந்தப் பழக்கிறியளோ?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இலை வாடினால் தண்ணி காணாது எண்டுதான் அர்த்தம். நாங்கள் படிச்சனாங்கள்."

"ஓம் ஓம், நீங்கள் படிச்சனீங்கள். மரம் படிக்கேல்லைப் போல கிடக்கு."

இவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வயல் பக்கம் போய்விட்டார்.

இலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. அப்பாவுக்குப் போன கடிதத்தில் "கன்று சுகம்" என்று எழுதினேன். எழுதிவிட்டு அந்த வரியை நானே பார்க்க முடியாமல் கடிதத்தை மடித்தேன்.

ஒருநாள் காலை, கேட்காமலே மச்சாள் இரும்பு அலவாங்கோடு வந்தா. கன்றுக்கு ஒரு முழம் தள்ளிக் குத்தி இழுத்தா. குழியில் தண்ணீர் ஊறி நின்றது. அலவாங்கு நுனியில் ஒட்டியிருந்த சாம்பல் நிறக் களியை என் மூக்குக்குக் கிட்ட நீட்டினா. கூழ்முட்டை நாற்றம்.

"மணந்து பாருங்கோ. இது உங்கட ஊர் மண் இல்லை. இது தண்ணியைக் கீழை விடாது, பிடிச்சு வைச்சிருக்கும். வேர் மூச்செடுக்கிறதெங்கை?"

மூச்சு... அப்போதுதான் சிஸ்டரின் குரல் வந்தது. மண் துணிக்கைகளுக்கிடையில் காற்று இருக்கவேண்டும், வேரும் சுவாசிக்கும். அதையும் என் கையால் எழுதி 'சரி' வாங்கியிருந்தேன்! வேர் அழுகினால் குடிக்க முடியாது. என் கன்று தண்ணீருக்குள் நின்றபடி தாகத்தில் வாடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே இவரும் சேர மூன்று பேருமாகக் கன்றைக் கிளப்பினோம். கறுத்துப்போன வேர்களை வெட்டினோம். உயரமாக மேடு போட்டு, புற்றுமண்ணும் ஆற்றுமணலும் காய்ந்த மாட்டெருவும் கலந்து, அதன்மேல் நட்டோம். பிறகு மச்சாள் கத்தரிக்கோலை என் கையில் தந்தா.

"மிஞ்சினதிலை அரைவாசி இலையை வெட்டுங்கோ."

"இருக்கிறதே கொஞ்சம்!"

"இலையெல்லாம் வாய், மச்சாள். வேர் இப்ப கொஞ்சம். இத்தனை வாய்க்கு அது எங்காலை குடுக்கும்?"

இலை வழியாகத் தண்ணீர் ஆவியாகிப் போவது, ஆவியுயிர்ப்பு என்று நான் பரீட்சையில் எழுதியது இதைத்தான். ஒவ்வொரு இலையாக எண்ணி எண்ணி வெட்டினேன்.

நாலு நாளுக்கு ஒரு செம்புத் தண்ணீர், அவ்வளவுதான். ஊற்றாமல் இருப்பதுதான் பெரிய கஷ்டம். வாளியைக் கவிழ்த்து வைத்து அதன்மேலேயே இருந்தேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு நுனியில் செப்பு நிறத்தில் ஒரு தளிர்.

"பாத்தீங்களோ?" என்றா மச்சாள்.

நன்றி சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "ஓம்... இந்த முறை காலநிலை நல்லம்." அவா என்னைப் பார்த்தா. வேலிப் பக்கம் திரும்பிப் போனா.

மரம் காய்த்தது ஐந்தாம் வருசம். பிறகு யுத்தத்தில் இடம்பெயர்ந்தோம். திரும்பி வந்தபோது வீடு இல்லை, மரத்தின் தலையும் இல்லை. ஆனால் முறிந்த இடத்துக்குக் கீழே துளிர்த்திருந்தது. ஒட்டுக்குக் கீழே துளிர்த்தால் அது கறுத்தக்கொழும்பான் இல்லை; மேலேதானா என்று குனிந்து பார்த்து உறுதிப்படுத்திய பிறகுதான் அழுதேன். இவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மரம் இந்த வருசமும் பூத்திருக்கிறது. இப்போதெல்லாம் எந்தக் கன்றானாலும் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்த பிறகே வாளியைத் தொடுகிறேன்.

மச்சாள் இப்போது கனடாவில், மகள் வீட்டில். அன்று வேலிக்கு மேலால் வந்த குரல் இன்று போனுக்குள்ளால் வருகிறது. போன மாதம் வீடியோவில் யன்னலோரத்துக் கறிவேப்பிலைச் சாடியைக் காட்டினா.

"இலை தொங்குது மச்சாள். ஒவ்வொரு நாளும் தண்ணி விடுறன், நிமிருதில்லை."

சாடிக்குக் கீழே வைத்த தட்டைக் காட்டச் சொன்னேன். விளிம்பு வரை தண்ணீர்.

"மச்சாள், மரத்துக்கு நீந்தப் பழக்கிறியளோ?"

சிரித்த சிரிப்பில் போன் ஆடி, கொஞ்ச நேரம் அறையின் முகடு மட்டும் தெரிந்தது. பிறகு முகம் வந்தது.

"சரி, மண்ணை மாத்துறன், இலையையும் வெட்டுறன். அது கிடக்கட்டும்... அண்டைக்கு உங்கட மாங்கன்று தப்பினது காலநிலையாலையோ?"

இத்தனை வருசம் கேட்காமல் வைத்திருந்திருக்கிறா!

"இல்லை மச்சாள். நான்தான் மூழ்கடிச்சனான். நீங்கள்தான் காப்பாத்தினனீங்கள்."

இன்று காலை ஒரு படம் வந்தது. காய்ந்த தட்டு, புது மண், மொட்டைத் தண்டில் நகமளவு பச்சை. கீழே ஒரு வரி எழுதியிருந்தா:

"இஞ்சை காலநிலை நல்லம், மச்சாள்."