தர்மபுரத்தில் கேட்ட இரண்டு சொற்கள்

போர்க்காலம்; வன்னிக்குள் வானொலிக்குப் போடும் பற்றரிகூடக் கொண்டுவரத் தடை. தர்மபுரத்தில் சைக்கிள் திருத்தும் புவனாக்கா ஸ்ராண்டில் நிறுத்திய சைக்கிளை மிதிக்க, டைனமோ மின்சாரத்தில் என் ஒலிப்பதிவுக் கசற் ஓடுகிறது. ஆஸ்திரேலியப் பழங்குடிப் பெண்மணி ஒருவர் தம் மொழிச் சொற்களை நிறுத்தி நிறுத்திச் சொல்கிறார். நான் ஆஸ்திரேலியாவில் மொழியியல் படிக்கிறேன். ஊருக்கு வந்த இடத்திலும் அந்த ஒலிகளை எழுதி முடிக்க வேண்டியிருக்கிறது. எழுதுவதை வாய்விட்டும் சொல்லிப் பார்க்கிறேன்.

"தம்பி, நீங்கள் ரெண்டு சொல்லையும் ஒண்டாச் சொல்லுறியள். அவா அப்பிடிச் சொல்லேல்லை. முதல் சொல்லு 'பத்து' மாதிரி, நாக்கு பல்லில முட்டுது. மற்றது நாங்கள் சொல்லுற 'பற்று' மாதிரி, பல்லுக்கு மேல முரசில முட்டுது."

திருப்பிப் போட்டுக் கேட்கிறேன். புவனாக்கா சொன்னதுதான் சரி. ஒன்றுக்குத் தண்ணீர் என்றும் மற்றதற்குச் சாம்பல் என்றும் பொருள்; இரண்டையும் நான் ஒரே சொல்லாக எழுதி வைத்திருக்கிறேன்.

"அவா ஆரோட கதைக்கிறா?"

"ஒருத்தரோடயும் இல்லை அக்கா. அந்தப் பாஷையில மறுமொழி சொல்ல மிஞ்சியிருந்த அவான்ர தங்கச்சியும் காலமாயிட்டா."

மிதி நிற்கிறது. குரல் இழுபட்டு அடங்குகிறது. புவனாக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு மீண்டும் மிதிக்கிறார். அடுத்த சொல் வருகிறது. அந்தப் பெண்மணி விட்ட இடைவெளியில், புவனாக்கா அதை மெதுவாகத் திருப்பிச் சொல்கிறார்.