பத்துக்கு ரெண்டு

பிரசவ அறைக்கு வலி குறைக்கும் கேஸ் வந்த புதிதில் எனக்கு ஒரே பெருமை. நர்சிங் படிக்கும்போது பாடத்தில் மட்டும் பார்த்த சிரிப்பு வாயு, ஆக்சிஜனோடு பாதிக்குப் பாதி கலந்து எங்கள் சங்கரன்கோவில் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டது. வலி எடுக்கும்போது தாயே மாஸ்க்கைப் பிடித்து இழுத்துக்கொள்வாள். ஆளை மயக்காது, வலியைக் கொஞ்சம் மழுக்கும், அவ்வளவுதான். எவ்வளவு மழுங்கியது என்று எழுதுவது என் வேலை. இழுக்கும் முன் ஒரு நம்பர், இழுத்த பின் ஒரு நம்பர். வலி பத்துக்கு எத்தனை?

எங்கள் பக்கத்துப் பெண்களிடம் நம்பர் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. "இங்கன உசுரு போவுது, இவ கணக்குக் கேக்கா" என்று ஒருத்தி என் கையையே தட்டிவிட்டாள்.

அதனால் கேட்டவுடன் பதில் சொன்ன பனவடலிசத்திரத்துக்காரியை எனக்குப் பிடித்துப்போனது. மூத்தது ஆபரேஷன். இதையாவது கத்தி படாமல் பெறணும் என்று வந்தவள். தழும்புள்ள வயிறு, வலி விடாமல் நின்றால் உள்ளே பழைய தையல் பிரிகிறதோ என்று பார்க்கணும், எங்களுக்கு உடனே தெரிய வேண்டும். அவளுக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துச் சொன்னேன்: "நம்பர் எறங்குனா நல்லது மக்கா. ஏறிட்டே போச்சுன்னா டாக்டரம்மா ஆபரேஷன்னு சொல்லிருவாவ."

அந்தப் பேச்சைத் திரும்ப விழுங்க முடிந்தால் எதையும் கொடுப்பேன். இன்றும் யாராவது ரெண்டு என்றால் உடனே எழுதுவதில்லை. முதலில் அவர்கள் கையைத்தான் பார்க்கிறேன்.

அவள் முதலில் எட்டு என்றாள். கேஸை இழுத்தபின் மூன்று. அப்புறம் எப்போது கேட்டாலும் ரெண்டு. என் தாள் அழகாக இருந்தது. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்துப்போயிருந்ததைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்றால் அது பொய். ரெண்டு என்றே எழுதினேன்.

குழந்தையின் துடிப்பு திடீரென்று சரிந்த பிறகுதான் தியேட்டருக்கு ஓடினோம். உள்ளே பழைய தையல் பிரிந்திருந்தது. அவள் பிழைத்தாள். குழந்தை அழவே இல்லை.

சாயங்காலம் கண் விழித்தாள். அதுவரை யாரும் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. வயிற்றுக் கட்டைத் தடவிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தாள். முகத்தில் கோபமே இல்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"பல்லக் கடிச்சிக்கிட்டு ரெண்டு ரெண்டுன்னுதானக்கா சொன்னேன். பெறவு ஏன் கீறுனிய?"